மொச்சை

புனிதா ஞானதிரவியம் தன் இருபத்தேழாவது வயதில் ஒரு கல்லைக் கண்டுபிடித்தாள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கும் லட்சக்கணக்கான கற்களில் அதுவும் ஒன்று. அடுத்தடுத்து எடுத்த மூன்று படங்களில் நட்சத்திரங்களெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க, ஒரு மங்கல் புள்ளி மட்டும் கொஞ்சம் நகர்ந்திருந்தது. கண்டுபிடிப்பு என்பது அவ்வளவுதான். சில வருடங்களில் அதன் பாதை உறுதியாகி, ஏழு இலக்கத்தில் ஓர் எண் கிடைத்தது. பெயர் வைக்கும் உரிமை கண்டுபிடித்தவளுக்கு, அதுவும் அவள் ஆயுள் உள்ளவரை என்பது விதி. அந்த உரிமையை அவள் பயன்படுத்தவில்லை.

ஏன் என்பது களக்காட்டு மலைமேல் அவள் வேலைபார்த்த வானாய்வகத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கல்லில் சுரங்கம் வெட்ட உரிமம் வாங்கிய கம்பெனி, ஆய்வகத்தின் தொலைநோக்கிக்கு ஒரு பெரிய கண்ணாடியைக் கொடுத்தது. இரண்டு ஆள் உயரத்துக்கு அகலமான கண்ணாடி. இந்தியாவில் அப்போது அதற்கு ஈடாக வேறு எதுவும் இல்லை. பதிலுக்குக் கேட்டது ஒன்றே ஒன்று. கல்லுக்கு இப்போதைக்குப் பெயர் வேண்டாம், எண்ணே இருக்கட்டும். முதலாளியின் பெயரைப் பின்னால் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறார்கள் போலிருக்கிறது என்று ஆய்வகத் தலைவர் அறவாழி சிரித்தார். புனிதாவும் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அந்தக் கண்ணாடியால் அதற்குப் பிறகு எத்தனையோ கற்களைக் கண்டுபிடித்தாள். அவற்றுக்கெல்லாம் பெயர் வைத்தாள். ஆசிரியர்களின் பெயர்கள், தாமிரபரணியின் பெயர், ஆய்வக வாசலில் படுத்துக் கிடந்து ஒருநாள் செத்துப்போன ஜிம்மியின் பெயர். முதல் கல் மட்டும் எண்ணாகவே சுற்றிக்கொண்டிருந்தது.

அவளுக்கு ஐம்பது தாண்டிய பிறகு கோமளா வந்தாள்.

காவலாளி கைத்தாங்கலாக அழைத்துவந்த அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். இரண்டு முழங்காலிலும் உலோகப் பட்டை கட்டியிருந்தாள். நிறைகுடம் சுமப்பவளைப்போல ஒவ்வோர் அடியையும் யோசித்து யோசித்து வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கி முடித்த பிறகுதான் பேச முடிந்தது.

"மிஸ், அந்தக் கல்லக் கண்டுபுடிச்சது நீங்கதானே?"

"எந்தக் கல்லும்மா? நெறைய இருக்கே."

கோமளா எண்ணைச் சொன்னாள். ஏழு இலக்கத்தையும், வீட்டு விலாசத்தைச் சொல்வதுபோலத் தடுக்காமல் சொன்னாள்.

"அங்க ஆறு வருசம் இருந்தேங்க. எம்புள்ள அங்கதான் பொறந்துச்சு."

புனிதாவுக்கு முதலில் விளங்கவில்லை. "அங்க மெஷின்தான வேலை செய்யுது?"

"மெஷினுக்கு யாருங்க மிஸ் தூசி தட்டுறது? சிக்கிக்கிட்டா கைய விட்டு எடுக்குறது யாரு? எங்க ஆளுங்கதான். எலங்கையில பொகவந்தலாவைப் பக்கம் பாதித் தேயிலைத் தோட்டத்த மூடிட்டாங்க. இருந்தவங்கள்ல முக்காவாசிப் பேர் கல்லுக்குத்தான் போனோம். அங்கயும் எங்களுக்கு லயந்தான். ஒரே வரிசையில ரூமு ரூமா."

"இப்ப புள்ள எங்க?"

"மேல." கோமளா கூரையைப் பார்த்து விரலை நீட்டினாள். "பூமிக்கு எறங்குறவங்கள வச்சிருக்குற நெலையம் சுத்துதே, அதுல. அவங்க அப்பாகூட இருக்கு. என்னைய எறக்கிட்டாங்க. புள்ளைய எறக்க மாட்டோம்னுட்டாங்க. அதுக்கு நாடு இல்லையாம்."

காவலாளி தேநீர் கொண்டுவந்து வைத்தார். கோமளா அதைத் தொடவில்லை.

"ஒப்பந்தத்துல மேல போறப்போ எங்க பிரஜாவுரிமைய நிறுத்தி வச்சிருவாங்க மிஸ். திரும்ப வந்து தரையில கால் வச்சா அது தானா வந்துரும். எனக்கு வந்துருச்சு. ஆனா புள்ள பொறந்த அன்னைக்கு எனக்கும் நாடில்ல, எங்க வீட்டுக்காரருக்கும் நாடில்ல. எங்ககிட்ட இல்லாதத அதுக்கு எப்பிடிக் குடுக்குறது?"

"பொறந்த எடத்த வச்சுக் குடுக்கலாமே. செவ்வாய்ல பொறந்த புள்ளைங்கள்லாம் வந்து எறங்கிக்கிட்டுத்தான இருக்கு?"

"செவ்வாய்க்குப் பேர் இருக்குங்க மிஸ்."

புனிதா தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டாள்.

"பேர் இருந்தாத்தான் எடமாம். நம்பர் மட்டும் இருந்தா அது சரக்காம். வெட்டி எடுத்து விக்கிற சரக்கு. சரக்குல எப்பிடிம்மா புள்ள பொறக்கும்னு ஆபீசர் என்னையவே கேக்குறாரு." கோமளாவின் குரல் உயரவில்லை. பலமுறை பலரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல். "அந்தக் கல்லுக்குப் பேர் வந்துட்டா அது ஊராயிரும்னு தொரைமாரு பேசிக்கிட்டத நாங்க கேட்டிருக்கோம். ஊர்னா டாக்டர் வைக்கணும். பள்ளிக்கூடம் வைக்கணும். செத்தா பொதைக்க எடம் குடுக்கணும். அதனாலதான் நம்பராவே வச்சிருக்காங்க."

கண்ணாடிக்கு விலை என்ன என்பது புனிதாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அத்தனை வருடங்களில் அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றியதில்லை.

"வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு வேலைக்குப் போனப்போ எனக்கு அரைப்பேருதான் போட்டாங்க" என்றாள் கோமளா. "பாதி நாள் கூலிய எங்க பக்கம் அப்பிடித்தான் சொல்றது. எனக்கு அரைப்பேரு, புள்ளைக்கு அதுவும் இல்ல. மிஸ், அங்க மேல தரை நம்மள இழுக்குறது ரொம்பக் கம்மி. இந்த மழைக்காலம் வர்றதுக்குள்ள கீழ எறக்கலைன்னா புள்ளையோட எலும்பு அப்பிடியே நின்னுருமாம். அப்புறம் எந்த நாடு வான்னு கூப்புட்டாலும் அது வந்து நிக்க முடியாது. ஒரு பேர் வைங்க. எதுவா இருந்தாலும் சரி."

அன்று புனிதா உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. விருந்தினர் அறையைத் திறந்துவிட்டு, கோமளாவைத் தங்கச் சொன்னாள்.

மறுநாள் அறவாழி விஷயத்தைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியை மெல்லக் கழற்றித் துடைத்தார்.

"எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க புனிதா. அந்தக் கண்ணாடி இல்லேன்னா இது வெறும் கட்டடம். இங்க வேலை பாக்கிறவங்க என்ன ஆவாங்க? பாதி ஆராய்ச்சியில நிக்கிற பசங்க என்ன ஆவாங்க?"

"அந்தப் பிள்ளைக்கு அஞ்சு வயசு சார்."

"எனக்குப் புரியாமலா இருக்கு? ஆனா ஒண்ணு யோசிங்க. அங்க இன்னும் எத்தனை பிள்ளைங்க இருக்கு? பேர் வச்சா எல்லாருக்கும் கிடைக்கும். அதைக் கம்பெனி சும்மா பாத்துக்கிட்டு இருக்குமா?"

"என்ன செய்யமுடியும் அவங்களால? பேர் வைக்கிறது என் உரிமை."

அறவாழி எழுந்து ஜன்னலைச் சாத்தினார். பிறகு, "நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன். நீங்க போடறதைத் தடுக்கவும் மாட்டேன்" என்றார். அவரால் முடிந்த தைரியம் அவ்வளவுதான்.

அந்த வாரம் முழுக்க புனிதா தீர்மானிக்க முடியாமல் அலைந்தாள். பகல் வேளைகளில் தொலைநோக்கிக் கோபுரத்துக்குள் போய், மூடி திறந்த கண்ணாடியின் ஓரத்தில் நின்று பார்ப்பாள். இருபது வருடம் அவள் பார்த்த எல்லாமே இதன்மேல் வந்து விழுந்தவைதான். கோமளா ஒருநாளும் அவசரப்படுத்தவில்லை. மலையேறி வரும் பேருந்துச் சத்தம் கேட்டால் மட்டும் திடுக்கிட்டு வாசலைப் பார்ப்பாள். வெளியேறச் சொல்ல யாரோ வருகிறார்கள் என்று பயப்படுவது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நிலையத்தோடு பேச அனுமதி கிடைத்தது. திரையில் ஒரு சிறுமி வந்தாள். கைகால்கள் மெலிந்து நீண்டிருந்தன. தலைமுடி நான்கு பக்கமும் மிதந்தது. அவள் இடுப்பைப் பிடித்தபடி பின்னால் கோமளாவின் கணவன் மருதவீரன் நின்றான்.

"துஷானி, மிஸ்ஸுக்கு வணக்கம் சொல்லு."

"வணக்கம். நீங்கதான் கல்லு மிஸ்ஸா?"

"ஆமா கண்ணு. நான்தான் கல்லு மிஸ்."

"எங்க ஊர நீங்கதான் கண்டுபுடிச்சீங்களா? அப்ப அது தொலஞ்சு போயிருந்துச்சா?"

கோமளா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்துப் புனிதா அதுவரை பார்த்ததில்லை.

"உங்க ஊர நீ என்னன்னு சொல்லுவ?"

"மொச்ச" என்றாள் துஷானி, இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

மருதவீரன் வெட்கத்தோடு குனிந்தான். "கப்பல்ல கிட்ட வர்றப்போ அப்பிடித்தாங்க மிஸ் தெரியும். நடுவுல ஒடுங்கி, ரெண்டு பக்கமும் உப்பி, மொச்சக்கொட்ட மாதிரி. மொதமொத வந்த ஆளுங்க வச்ச பேரு. எல்லாரும் அப்பிடித்தான் சொல்றது."

"மொச்சைன்னா என்னன்னு தெரியுமா துஷானி? அது ஒரு பயறு. வேகவச்சுச் சாப்பிடுவாங்க."

சிறுமி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பொய் சொல்கிறார்களோ என்று சந்தேகம். பிறகு கலகலவென்று சிரித்தாள். "ஊரயா சாப்புடுவாங்க?"

அன்று சாயங்காலமே புனிதா விண்ணப்பத்தை எழுதி அனுப்பினாள். முன்மொழியும் பெயர்: மொச்சை. பெயருக்கான விளக்கம் இரண்டே வரி. "தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்ணப்படும் ஒரு பயறு. இந்தக் கல்லில் வாழ்கிறவர்கள் இதை இப்படித்தான் அழைக்கிறார்கள்." வாழ்கிறவர்கள் என்ற சொல்லை அவள் வேண்டுமென்றேதான் போட்டாள்.

பெயர்க்குழு சீக்கிரமே ஒத்துக்கொண்டது. அழகான பெயர், உச்சரிக்க எளிது என்று ஒருவர் பாராட்டிக்கூட எழுதினார். அடுத்த மாதம் முதல் தேதி வெளியாகும் அறிவிப்பில் வரும். வந்த அந்த நிமிடமே சட்டப்படி அது ஊர். எப்போது பிறந்த பிள்ளையானாலும் அங்கே பிறந்ததாக எழுதிக்கொள்ளலாம். கோமளா மலையடிவாரக் கடையில் போய்க் குழந்தைக்குச் சட்டை எடுத்தாள். தரையில் பிறந்த பிள்ளைகளின் அளவுதான் அங்கே இருந்தது. துஷானி அதைவிட ஒரு சாண் உயரம். பரவாயில்லை, கீழே ஒட்டுப்போட்டுக்கொள்ளலாம் என்று வாங்கிவிட்டாள்.

கம்பெனியிடமிருந்து கோபமாக ஒரு கடிதம்கூட வரவில்லை. கண்ணாடியையும் யாரும் கேட்கவில்லை. "பயந்துட்டாங்க சார்" என்றாள் புனிதா. அறவாழி முதல் தேதிக்கு இன்னும் எத்தனை நாள் என்று நாட்காட்டியில் எண்ணினார்.

முந்தின இரவு தொலைநோக்கி தானாக எடுத்துவைத்த படங்களைக் காலைக் காப்பியோடு பார்ப்பது புனிதாவின் வழக்கம். அறிவிப்பு வர இன்னும் சில நாட்கள் இருக்கும்போது, ஒரு காலையில் அந்தக் கல்லின் படத்தில் ஒன்றுக்குப் பதில் இரண்டு புள்ளிகள் இருந்தன. பக்கத்தில் பக்கத்தில், ஒன்று பெரிது, ஒன்று சிறிது.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். கல் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. அல்லது படம் எடுக்கும்போது கருவி அசைந்திருக்கிறது. அல்லது பின்னால் வேறொரு கல் கடந்து போகிறது. இந்த மூன்றில் எது என்று ஒரே இரவுப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு கல் உடைவதைக் கண்முன் பார்த்த வானியலாளர்கள் மிகக் குறைவு. இன்னொரு இரவு பார்த்து உறுதி செய்துகொண்டு எழுதலாம் என்று முடிவுசெய்தாள். உறுதியாகாத எதையும் அவள் வாழ்நாளில் அனுப்பியதில்லை.

அன்று மாலை மலையை மேகம் மூடியது. மறுநாளும் திறக்கவில்லை. மூன்றாம் நாள் கிடைத்த கொஞ்ச நேர இடைவெளியில் இரண்டு புள்ளிகளும் நன்றாக விலகித் தெரிந்தன. அப்போதுதான் அவளுக்கு அங்கே இருக்கும் மனிதர்களின் நினைவு வந்தது. கோமளாவை எழுப்பிச் சொன்னாள். கோமளா நிலையத்துக்குப் பேசினாள், அங்கிருந்து மருதவீரன் கல்லில் இருந்தவர்களுக்குச் செய்தி அனுப்பினான். பதில் வந்து சேர விடிந்துவிட்டது.

"யாருக்கும் ஒண்ணுமில்லையாம் மிஸ்" என்று கோமளா ஓடிவரப் பார்த்து, பட்டை தடுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாரையும் முன்கூட்டியே கப்பல்ல ஏத்தி உக்கார வச்சிட்டாங்களாம். டமார்னு ஒரு ஆட்டம் ஆடுச்சாம். அப்புறம் திரும்ப லயத்துக்கே போகச் சொல்லிட்டாங்களாம்."

சொல்லி முடித்ததும் அவள் முகம் மாறியது. "முன்கூட்டியே எப்பிடித் தெரியும் மிஸ் அவங்களுக்கு?"

புனிதா கற்களைப் பட்டியலில் பதியும் அலுவலகத்துக்கு அறிக்கையை அனுப்பினாள். சற்று நேரத்தில் மறுமொழி வந்தது. சிறிய துண்டு ஏற்கெனவே முந்தின நாள் பதிவாகிவிட்டது. கண்டுபிடித்தவர், கம்பெனியின் அளவைக் கப்பல். புது எண் கொடுத்தாயிற்று.

முதல் தேதி மொச்சை என்ற பெயர் உலகத்துக்கெல்லாம் அறிவிக்கப்பட்டது. பத்திரிகைகள் எழுதின. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மொச்சைக்குக் கண்ணும் மூக்கும் வரைந்து அனுப்பினார்கள். வேறு நாடுகளில் இருந்தெல்லாம் வானியலாளர்கள் புனிதாவை அழைத்து, இப்படியொரு செல்லப் பெயரைக் கேட்டதில்லை என்றார்கள். அவள் எல்லாருக்கும் நன்றி சொன்னாள்.

கோமளா புதுச் சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு சென்னைக்குப் போனாள். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சேர்த்து விண்பிறப்புகளைப் பதிகிற அலுவலகம் அங்கேதான் இருந்தது. இரண்டு நாளில் திரும்பி வந்தாள்.

"எந்தப் பாதியில பொறந்துச்சுன்னு கேட்டாங்க மிஸ்."

"என்னது?"

"கல்லு இப்ப ரெண்டு. பெரிய பாதிக்குத்தான் பேராம். லயம், புள்ள பெத்த ரூமு எல்லாம் சின்னப் பாதியில இருந்துச்சு. அதுக்கு நம்பர்தான். பொறந்த ரூம் எதுல இருக்குன்னு பாத்தாரு. நம்பர எழுதுனாரு. சரக்கும்மான்னாரு."

அந்த வாரமே கம்பெனியின் லாரிகள் மலையேறி வந்தன. கூடவே கிருபாகரன் என்ற அதிகாரியும் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, மரியாதையான பேச்சு. ஆட்கள் கண்ணாடியைப் பெட்டிக்குள் இறக்கிக்கொண்டிருக்கும்போது புனிதாவிடம் வந்து நின்றார்.

"நீங்க பேர் வச்சதுல எங்களுக்கு வருத்தமே இல்ல மேடம். மொச்சையை இனி நாங்க தொடவே மாட்டோம். பேர் வச்ச எடம். அங்க எங்களோடது ஒரு ஆணிகூட இல்ல."

"ஆளுங்க இருந்த பாதியத்தான் வெட்டிக்கிட்டுப் போயிட்டீங்களே."

"வெட்டல மேடம். நடுவுல பாறை இளகிப்போய் இருந்தது. அவங்க பாதுகாப்புக்காகத்தான் பிரிச்சோம்."

"அந்தப் பிள்ளைங்க பொறக்கும்போது அது ஒரே கல்லு. நான் கண்டுபிடிச்ச கல்லு."

"வாஸ்தவம்தான். ஆனா பட்டியல்ல இன்னைக்கு என்ன இருக்கோ அதுதானே செல்லும்? இன்னைக்கு அது வேற கல்லு. நாங்க கண்டுபிடிச்சது. பேர் வைக்கிற உரிமையும் எங்களோடது." அவர் சற்றுத் தயங்கினார். பேச்சில் முதல்முறையாக ஒரு மனிதச் சாயல் வந்தது. "ஒண்ணு சொல்லட்டுமா மேடம்? எங்க கப்பல் அனுப்பின முதல் அறிக்கையில ஒரு தப்பு. திருப்பி அனுப்பிட்டாங்க. சரிபண்ணி அனுப்புறதுக்குள்ள எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் உயிர் போயிடுச்சு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு எங்களுக்குத் தெரியும். இந்தக் கண்ணாடிக்குத் தெரியாம இருக்குமா? நீங்க ஒரே ஒரு வரி எழுதிப் போட்டிருந்தா ரெண்டாவது கல்லும் உங்களோடது."

"நான் உறுதி பண்ணிக்கிட்டு இருந்தேன்" என்றாள் புனிதா.

"தெரியும் மேடம். உங்க கட்டுரையெல்லாம் எங்க ஆளுங்க படிச்சிருக்காங்க" என்று கும்பிட்டுவிட்டு அவர் லாரிக்குப் போனார்.

கோபுரம் காலியானது. நடுவில் வட்டமாக ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. ஆராய்ச்சி மாணவர்கள் வேறு இடம் தேடிப் போனார்கள். அறவாழி தன் அறையைவிட்டு வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டார். புனிதாவைக் குறை சொல்லி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொள்வார், அவ்வளவுதான்.

கிருபாகரன் சொன்னதைக் கோமளாவிடம் மறைக்கப் புனிதாவுக்கு மனம் வரவில்லை. அடுப்படியில் வைத்து முழுவதையும் சொன்னாள். இன்னோர் இரவு பார்க்கக் காத்திருந்ததையும், மேகத்தையும் சொன்னாள். கோமளா வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மொத நாளே ரெண்டாத் தெரிஞ்சுச்சா மிஸ்?"

"தெரிஞ்சது."

"உங்க கண்ணாலயே பாத்தீங்க?"

"பாத்தேன். ஆனா அது நிசமான்னு..."

"நாங்களா இருந்தா அன்னைக்கே கத்தியிருப்போம்" என்றாள் கோமளா. அதில் கோபம் இல்லை. புனிதா அன்றுமுதல் எத்தனையோ முறை அதில் கோபம் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்துப் பார்த்தாள்.

மழை பிடித்துக்கொண்டது. நிலையத்து மருத்துவர் துஷானியின் எலும்பைச் சோதித்துவிட்டு, இனிமேல் கேட்டு அலைய வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அந்தச் செய்தி வந்த அன்று கோமளா பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. மறுநாள் எழுந்து தலைவாரிக்கொண்டு, பையை எடுத்து வைத்தாள்.

"கம்பெனியில திரும்ப ஆள் எடுக்குறாங்க மிஸ். நான் எழுதிக் குடுத்துட்டேன். எங்க வீட்டுக்காரரும் குடுத்துட்டாரு. மூணு பேரையும் சின்னப் பாதிக்கே அனுப்புறேன்னுட்டாங்க."

"அங்கயேவா? கோமளா, என்ன பேசுத நீ? கையெழுத்துப் போட்டா உனக்கு மறுபடியும் நாடு இருக்காதே."

"இருந்து என்னங்க பண்ணுச்சு?" கோமளா பையின் வாரை இழுத்துக் கட்டினாள். "நாடு எனக்கு இருக்கு, புள்ளைக்கு இல்ல. அத வச்சிக்கிட்டு நான் கீழ ஒக்காந்து என்ன செய்ய? புள்ள எறங்கி வரமுடியாது. நான்தான் போகணும்."

பேருந்து வரைக்கும் புனிதா கூடப் போனாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்தாள். எதற்கென்று கேட்பது? கையெழுத்துப் போட்டதற்கா, பெயர் வைத்ததற்கா? வைக்காமல் இருந்திருந்தால் கல் உடைந்திருக்காது. காத்திருந்ததற்கா? யோசித்து முடிப்பதற்குள் பேருந்து வந்துவிட்டது. கோமளா படியில் ஏறி நின்று, "மொச்சன்னு நல்ல பேராத்தான் வச்சீங்க மிஸ்" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள்.

கப்பல் கிளம்புவதற்கு முன், நிலையத்திலிருந்து ஒருமுறை பேசினார்கள். கோமளா அங்கே போய்ச் சேர்ந்திருந்தாள். காலில் பட்டைகள் இல்லை. அவள் மடியில் துஷானி. புதுச் சட்டை அவளுக்கு முழங்காலுக்கு வெகு மேலேயே நின்றது. மருதவீரன் பின்னால் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

"கல்லு மிஸ்! எனக்கும் அட்டை குடுத்துட்டாங்க!"

துஷானி ஓர் அட்டையைத் திரையில் முட்டுகிற அளவுக்குக் கொண்டுவந்து காட்டினாள். பிறந்தது முதல் அவளுக்குக் கிடைத்த முதல் தாள் அதுதான். காகிதம் இல்லாத ஆளை வேலைக்கு எழுதிக் கப்பலில் ஏற்ற முடியாது என்பதால் கம்பெனியே அதைச் செய்துகொடுத்திருந்தது. கொஞ்சம் பின்னால் தள்ளிப் பிடிக்கச் சொல்லிப் புனிதா படித்தாள். படம் இருந்தது. துஷானி, மருதவீரன் மகள் என்று இருந்தது. வேலை: பயிற்சித் தொழிலாளி. அதற்குக் கீழே, பிறந்த இடம் என்பதற்கு நேராகக் கம்பெனியின் பெயர் அச்சடித்திருந்தது.

புனிதா கோமளாவைப் பார்த்தாள். கோமளா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆபீஸ் மாமா இனிமே யாரும் சரக்குன்னு சொல்ல மாட்டாங்கன்னு சொன்னாரு" என்றாள் துஷானி. அட்டையில் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். "இங்க எழுதியிருக்கே மிஸ், இது நம்பர் இல்லதானே? பேருதானே?"

மூட்டை கட்டிக்கொண்டிருந்த மருதவீரனின் கை நின்றது. மூன்று பேரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

"ஆமா கண்ணு" என்றாள் புனிதா. "பேருதான்."

துஷானி அம்மாவின் மடியிலிருந்து துள்ளிக் குதித்து, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"பேருதானாம்ப்பா! மிஸ்ஸே சொல்லிட்டாங்க!"